ஐஸ் பெக்டரியில் குளிர்காய்ந்தது

அந்த மார்கழிச் சனி ஞாயிறைப் பற்றி
வாழைச்சேனையில் யாரிடம் கேட்டாலும்
முதலில் எண்ணெய்ப் போத்தலைத்தான் சொல்வார்கள்.
தேங்காய் எண்ணெய் வெள்ளைவெளேரெனக் கட்டிபட்டு
தலைகீழாய்க் கவிழ்த்தாலும்
வரமாட்டேன் என்று உள்ளே இருந்தது.
கரண்டிக் காம்பால் தோண்டி
உச்சியில் அப்பிக்கொண்டோம்.
எங்கள் ஊரில் பனி விழுந்ததென்றால்
அவ்வளவுதான், தலையில்.

வெள்ளி பின்னேரமே வாடை ஏறிவிட்டது.
போட்டெல்லாம் கரையில் கட்டு.
றேடியோ இருபது பாகை என்றது.
சுவிஸிலிருந்து லீவில் வந்த
மச்சான் பேரின்பராசா
வாசலில் பெனியனோடு நின்று சிரித்தான்.
"இருபதா? எங்கட பேர்ண்ல
அதுக்குக் கோடை எண்டு பேர்."

சனி காலை அந்தச் சிரிப்பில்
பல் மட்டும் மிச்சம்.
அதுவும் அடித்துக்கொண்டிருந்தது.
அங்கே வீட்டுக்கு வீடு ஹீற்றர்.
இங்கே யன்னலில் கண்ணாடி இல்லை, கம்பிவலை.
ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் வெளி,
காற்று வரட்டும் என்று ஆசைப்பட்டு விட்டது.
வந்தது.

கோகிலவதி இருந்ததையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்:
இரண்டு சாரன், மேசை விரிப்பு,
பிள்ளையின் பள்ளிக்கூட றெயின்கோட்.
வயல் வெருளி மாதிரி நின்றான்.
சொன்னேன்.
கோபிக்கக்கூட அவனுக்கு வாய் திறபடவில்லை.

குளிப்பைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.
கடன் தந்தவன் வீட்டைக் கடப்பதுபோல
கிணற்றடியை
மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு கடந்தோம்.

எனக்கு இரவு ஷிப்ட்.
துறைமுகத்தடி ஐஸ் பெக்டரியில் மோட்டர்காரன் நான்.
அந்த மூன்று நாளும்
ஒரு சீவனுக்கும் தேவைப்படாத சாமானை
கட்டி கட்டியாய்ச் செய்துகொண்டிருந்தேன்.
முதலாளி நிறுத்த விடவில்லை.
"நிப்பாட்டினா தொட்டி சூடாகிரும்,
மறுகா குளிர்த்த ரெண்டு நாள் வேணும்"
சொல்லிவிட்டு மப்ளரால் காதை மூடினார்.

"நானும் வாறன்" என்றான் மச்சான்.
"ஐஸ் பெக்டரிக்கா?"
"இந்த வீட்டைவிட மோசமா இரிக்காதுதானே."

அப்போதுதான் எனக்கே உறைத்தது.
பதினொரு வருசமாய் வியர்த்து வியர்த்து
நான் திட்டுகிற மோட்டர் அறை.
தண்ணீரிலிருந்து பிடுங்கிய சூடெல்லாம்
குழாய்வழி வந்து கொட்டுகிற இடம்.
கதவைத் திறந்தேன்.
சித்திரை மாதம் உள்ளே குந்தியிருந்தது.

மச்சான் கொம்பிறசரைக் கும்பிட்டான்.

ஒன்பது மணிக்கு மீராலெவ்வைக் காக்கா வந்தார்,
பழைய கணக்குப் பார்க்க.
பார்க்கவில்லை. மப்ளரைக் கழற்றிவிட்டுக் குந்தினார்.
பத்துக்கு போட்டுப் பெடியன்கள், காட்ஸ் கூட்டத்தோடு.
பிறகு கோகிலவதி, பிள்ளை,
பக்கத்துவீட்டு மதனரூபி, அவளின் புட்டுப் பெட்டி,
யாருடையதென்று தெரியாத ஒரு நாய்.
சுவருக்கு அங்கால் நானூறு கட்டி ஐஸ்,
இங்கால் தெருவே வெறும் மேலோடு.

மதனரூபி எண்ணெய்ப் போத்தலைக் குழாயில் சாய்த்தாள்.
இளகியது.
நடுச்சாமத்தில் பன்னிரண்டு பேர்
வரிசையாய் இருந்து தலைக்கு எண்ணெய் வைத்தோம்.

மோட்டர் இரைச்சலில் எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும்.
இரகசியம் சொன்னாலும் துறைமுகத்துக்கே கேட்கும்.
அப்படித்தான் தெரியவந்தது,
மச்சான் குளித்தது வியாழக்கிழமை.
"நான் புதன்" என்று கத்தினார் காக்கா.
மற்றவர்கள் காட்ஸை உற்றுப் பார்த்தார்கள்.

திங்கள் வெயில் எறித்தது.
கிணற்றடியில் கியூ.
முதல் போட்டுக்காரன் வந்து
"ஐஸ் இரிக்கா?" என்றான்.
முதலாளி அழாக்குறையாய் அவனைக் கட்டிப்பிடித்தார்.

போன கிழமை மச்சான் வீடியோவில் வந்தான்.
பேர்ணில் மைனஸ் எட்டாம்,
அவனுக்குப் பின்னால் மரமெல்லாம் வெள்ளை.
"குளிரா?" என்றேன்.
"சீ, வாழைச்சேனைக் குளிருக்கு
இதெல்லாம் ஒரு குளிரா" என்றான்,
பெனியனோடு,
இரட்டைக் கண்ணாடிக்கு உள்ளே நின்று.