சேஞ்ச் ஓவர்

டிரம்ஸைப் பிரித்து மூட்டை கட்டியபோது
ஜெரோம் வீட்டு மாடியில்
நாலு வட்டம் மிச்சமிருந்தது,
ஏழு வருஷத் தூசி அண்டாத இடம்.
அவன் தோகாவுக்குப் போனான்.
மொய்தீன் நெல்பேட்டையில்
கருவாட்டுக் கடைக் கணக்குக்குத் திரும்பினான்.
நான் கிட்டாரை விற்கவில்லை.
விற்றேன் என்றால்தான்
கேட்பதை நிறுத்துவார்கள் என்று
விற்றதாகச் சொன்னேன்.

அப்போதெல்லாம் எங்களுக்குத் தொண்டைதான் கொள்கை.
ஞானஒளிவுபுரத்துச் சந்துகளுக்கு
எங்களைத் தெரியும்.
பிடிக்கும் என்று சொல்லவில்லை, தெரியும்.
ஒன்பது மணிக்குமேல் கீழ்வீட்டு டீச்சர்
ஒட்டடைக் குச்சியால் மேற்கூரையை இடிப்பார்.
சில நாள் அவர் இடி
ஜெரோமைவிடத் தாளத்தில் இருக்கும்.

பிறகு செல்லூரில் மாமாவின் சவுண்ட் சர்வீஸ்.
பந்தல், நாற்காலி, ஸ்பீக்கர், ஜெனரேட்டர்,
ஃப்ரீசர் பெட்டி.
கல்யாணத்துக்கு ஒரு போன் நம்பர்,
சாவுக்கும் அதே நம்பர்.

ஆடி மாசம் ஒரு ராத்திரி
அருள்தாஸ்புரத்தில் ஒரு வீடு.
லாரி டிரைவர், ஐம்பத்தொன்று.
மகள் பெங்களூரிலிருந்து வர வேண்டும்.
கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு மாற்ற
பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆள் வேண்டும்.
நான்தான் ஆள்.

இரண்டு மணிக்கு அழுகை ஓய்ந்தது.
மச்சினன்காரர் மட்டும்
கண்ணாடியில் பூத்த ஈரத்தைத்
துண்டால் துடைத்துத் துடைத்து
முகத்தை மீட்டுக்கொண்டிருந்தார்.
அப்போதுதான் கேட்டது.
கம்ப்ரஸர்.
உறுமல்கூட இல்லை, உறுமலுக்கு முந்தியது.
ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே
எந்தக் கட்டைக்கும் அடங்காத இடத்தில் நின்றுகொண்டு
நகரமாட்டேன் என்றது.
ஏழு வருஷம் நான் கத்திப் பிடிக்கப் பார்த்த எதையோ
வாயைத் திறக்காமல் வைத்திருந்தது.

செல்போனை எடுத்துப் பதிவை அழுத்தினேன்.
அது திருட்டா என்று
இன்றுவரை தெரியவில்லை.

மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
சேஞ்ச் ஓவர் கைப்பிடியை
இருட்டில் துழாவினேன்.
மூன்று நொடி.
வீட்டிலிருந்த அத்தனை பேரும்
மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்,
பிடிக்க ஒன்றுமில்லாத ஒருவரைத் தவிர.
அப்புறம் ஜெனரேட்டர்.
யாரோ "அப்பாடா" என்றார்கள்,
சொன்னதற்காக வெட்கப்பட்டார்கள்.

இப்போது என்னிடம் இருப்பது
ஒரு பழைய லேப்டாப்,
இரண்டு சாவி விழுந்த சின்தசைசர்,
எதிர்வீட்டு விசைத்தறி.
தறியின் தடதடப்பைப் பாதி வேகத்தில் ஓடவிட்டேன்.
ஏதோ ஒன்று படியேறி வந்தது.
அதற்கடியில் பெட்டியை வைத்தேன்.
வரி இல்லை. குரல் இல்லை.
பீரோ மேல் கிடக்கும் கிட்டாரில்
சுருதி இறங்கிப்போன தடித்த கம்பி
தானாக நடுங்கியது.
பேர் வைக்கத் தெரியாமல்
'மூணு பத்து' என்று சேமித்தேன்.

ஜெரோம் வாட்ஸப்பில் கேட்டான்,
"டிரம்ஸ் எங்கடா?"
"நாலாவது நிமிஷம் கேளு."
"அங்க ஒண்ணுமே இல்லையே."
"அதான்."
மறுநாள் ராத்திரி,
"அந்த ஒண்ணுமில்லாத இடத்துல
என் கால் தன்னால பெடலைத் தேடுச்சுடா" என்று
அனுப்பி உடனே அழித்துவிட்டான்.
நான் படித்துவிட்டேன்.

கே.கே. நகரில் ஒரு மாடி ஹால்.
பத்தொன்பது பேர், அதில் இருவர்
ஏசிக்காக வந்தவர்கள்.
விளக்கை அணைக்கச் சொன்னேன்.
முன்வரிசையில் ஒரு பெண்
பாதியில் எழுந்து போனாள்.
வயரைச் சுருட்டிக்கொண்டு இறங்கும்போது
படியில் உட்கார்ந்திருந்தாள்.
"எங்க வீட்லயும் வச்சிருந்தோம்," என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.
வாடகை எவ்வளவு வாங்கினார்கள் என்று மட்டும்
வாய்வரை வந்தது,
தொழில் பழக்கம்.