பதிலாக

செவ்வாய் பத்து மணி வகுப்பில்
டாக்டர் செலே கரும்பலகையில் ஒரே சொல் எழுதினார்:
பதிலாக.
எனக்குப் பதிலாக ஒருவர். உலகுக்குப் பதிலாக ஒருவர்.
மூன்று இறையியலாளர்கள், நான்கு கொள்கைகள்.
தேர்வில் வரும் என்று அடிக்கோடிட்டோம்.
மணி அடிக்கும் நேரத்தில் ஆளுக்கொரு படிவம் தந்தார்.
எடென்டேல் மருத்துவ நிலையம், நாற்பது மணி நேரம்,
முப்பது மதிப்பெண்.
"போய் நில்லுங்கள்" என்றார்.
அவ்வளவுதான்.

வேன் எங்களைப் பனியோடு சேர்த்து இறக்கும்போது
மணி ஆறு.
வரிசை அதற்குள் வாசலைத் தாண்டியிருக்கும்.
நாலு மணிக்கு வந்தவர்கள், மூன்றுக்கே வந்தவர்கள்,
இடையிடையே
ஒரு செங்கல், மடித்த சாக்கு, ஒற்றைச் செருப்பு.
யாரும் அவற்றைத் தாண்டி நிற்பதில்லை.
அந்தச் செருப்பு எந்தக் காலுக்கு உரியது என்று
அதன் பின்னால் நிற்பவருக்குத் தெரியும்.

மாஷோஸிக்கு ஒரு பெயின்ட் தகரம்.
விளிம்பில் வெள்ளை வழிந்து காய்ந்திருக்கும்.
சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால்
மூன்றுக்கும் ஒரே நீல அட்டை.
தகரத்தை வரிசையில் வைத்துவிட்டு
மதிலோரம் கால் நீட்டிக்கொள்வாள்.

நான்தான் ஆரம்பித்தேன்.
நார்த்டேலில் ஞாயிறு பள்ளி நடத்துகிற நான்,
லொரேட்டா சிங்காரம், இரண்டாம் ஆண்டு,
என் அரைகுறை ஸூலுவில்:
"தகரம் எதுக்கு, மா?
உங்களுக்குப் பதிலா நான் நிக்கிறேன்."
மேலும் கீழும் பார்த்தாள்.
தகரத்தை எடுத்துப்போய்க் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்ந்தாள்.

நின்றேன்.
முன்னால் ஐம்பது பேர், பிறகு முப்பத்தொன்பது.
பொரித்த மாவுருண்டை விற்பவள் கூடை காலியாகித் திரும்பிப் போனாள்.
பனி போய் வெயில் பிடரியில் ஏறியது.
யாருக்குப் பதிலாக நின்றாலும்
வலிப்பது நம் முதுகுதான்
என்று ஒரு வரி வந்தது.
நல்ல வரி. டாக்டர் செலேக்குப் பிடிக்கும்.
நின்றபடியே அதைக் கொஞ்சம் செதுக்கினேன்.

பன்னிரண்டுக்கு வேன் ஹாரன்.
முன்னால் இன்னும் ஆறே பேர்.
டிரைவர் இரண்டு முறை அடிப்பார்,
மூன்றாவதற்குக் காத்திருக்க மாட்டார்.
ஓடினேன்.
கண்ணயர்ந்திருந்தவளை உலுக்கிப் படிவத்தை நீட்டினேன்.
"சேவை பெற்றவர்" என்ற கட்டத்தில்
பாதித் தூக்கத்தில் கையெழுத்திட்டாள்.
வரிசையில் உங்கள் இடம் போகிறது, எழுந்து ஓடுங்கள்
என்று சொல்ல நேரமில்லை.
கையெழுத்து வாங்க நேரமிருந்தது.

ஜன்னலில் இருந்து பார்த்தேன்.
பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னே வைத்தார்.
நான் நின்றதற்கு அடையாளமே இல்லை.

அன்றிரவு முதுகு வலியின் வரியை அடித்துவிட்டு
நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன்.
கொள்கை ஒன்றும் சேர்க்கவில்லை.
டாக்டர் செலே மதிப்பெண் போடவில்லை.
ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி மட்டும்:
"தகரம் இப்போது எங்கே?"

அடுத்த வியாழன் போனேன்.
மாஷோஸி திட்டவில்லை.
மன்னித்ததாகவும் சொல்லவில்லை.
மாத்திரை கிடைக்காமல் மறுநாள்
திரும்பவும் மூன்று மணிக்கு வந்தாள் என்று
பக்கத்தில் இருந்தவர் என்னிடம் சொன்னார், கேட்காமலே.
அவள் தகரத்தை வரிசையில் வைத்தாள்.
அதற்குப் பின்னால் தரையைக் காலால் ஒருமுறை தட்டினாள்.
எனக்கான இடம்.

பத்தரை மணிக்குத் தொப்பி போட்ட ஒருவன்
தகரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே நுழையப் பார்த்தான்.
நான் குனிந்து அதை நேராக வைத்தேன்.
"ஆள் இருக்கு" என்றேன்.