வட்டம் விழாத தட்டு

காலமை ஏழரைக்கு இன்கியுபேட்டரைத் திறக்க
முதலிலை வாறது மணம்.
புளிச்ச மாவுமில்லை, எலிப்புழுக்கையுமில்லை.
பழகின மூக்குக்குத்தான் பிடிபடும்.

நேற்று ஆறு மருந்துவில்லை வைச்சனான்,
நெற்றிப் பொட்டளவிலை.
மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றி
கூட்டிவிட்ட முற்றம்போலை ஒரு வட்டம் விழும்.
இண்டைக்கு விழேல்லை.
பொட்டின்ரை ஓரத்தை முட்டிக்கொண்டு
தட்டு முழுக்க முளைச்சுக் கிடக்கு.

பதினேழாம் வாட். சூசைதாசன், குருநகர், ஐம்பத்தெட்டு.
திருக்கை முள் ஏறின கால். சீனி வருத்தம்.
மூண்டு நாள் குளிசை போட்டவர்.
நாலாம் நாள் வீக்கம் வத்த, கடலும் அடங்க,
போட்டார் வள்ளத்தை.
மிச்சத்தை மனுசி ஜெசிந்தா
மச்சாளின்ரை பல்லுக்குத்துக்குக் குடுத்தவ.
பாமசியிலை கத்திரிக்கோலாலை நறுக்கின அட்டை,
மருந்தின்ரை பேர் பாதியோடை நிண்டிட்டுது.

கிருமி படிச்சிட்டுது எண்டு சொல்லுவினம்.
அது ஒண்டும் படிக்கேல்லை.
இருபது நிமிசத்துக்கொரு தலைமுறை,
கோடியிலை ஒண்டு பிறக்கேக்கையே கொஞ்சம் கோணல்.
மற்றதெல்லாம் செத்துது. அது சாகேல்லை.
மிஞ்சினதைக் கெட்டிக்காரர் எண்டுறது எங்கடை பழக்கம்.
வன்னியாலை வந்த என்னையும் அப்பிடித்தான் சொன்னவை.
ஷெல் விழுந்த பக்கம் நான் நிக்கேல்லை,
அவ்வளவுதான்.

பேந்து அது செய்யிறதுதான் பயம்.
ஆரெவர் எண்டு கேளாது, இனம்சனம் பாராது,
வேலிப் பொட்டுக்குள்ளாலை கறிக்கிண்ணம் நீட்டிற மாதிரி
தான் தப்பின வழியை ஒரு சின்ன வளையமாக்கி நீட்டும்.
வாங்கினது அடுத்த வேலிக்கு நீட்டும்.
எங்கை துடங்கினது?
புத்தூர்ப் பண்ணையிலை
மருந்துத்தண்ணி குடிச்சுக் கொழுத்த குஞ்சின்ரை குடலிலையோ,
எங்கடை வாட்டிலை அவசரத்திலை கழுவாத கையிலையோ.
கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாய்.
மலக்குழியும் கிணறும்
இரவிரவாய் அதுக்குள்ளாலை கதைச்சுக்கொண்டிருக்கும்.

றிப்போட்டிலை எழுதுறன்:
எதிர்க்கும், எதிர்க்கும், எதிர்க்கும்,
எதிர்க்கும், எதிர்க்கும்.
ஆறாவதுக்கு மட்டும் மெல்லிய வட்டம்.
அடிமட்டம் வைச்சால் பதினெட்டு மில்லிமீற்றர்.
அந்த மருந்து சிறுநீரகத்தைத் தின்னும்.
சூசைதாசனுக்கு அது ஏற்கெனவே அரைவாசி.
டொக்டர் போனிலை கொஞ்ச நேரம் கதைக்கேல்லை.
"முழங்காலுக்கு மேலையோ கீழையோ எண்டு
சேர்ஜனிட்டைக் கேட்டுச் சொல்லுறன்."

பின்னேரம் வீட்டை,
பிரிஜ் கதவிலை மகனின்ரை பாணிமருந்து.
ஐஞ்சு நாள் எண்டதை மூண்டோடை நிப்பாட்டினது
நான்தான். தட்டு வாசிக்கிற நான்.
அரைப் போத்தல், ரோசாநிறம்.
சிங்குக்குள்ளை ஊத்தப் போனன்.
சிங்குத்தண்ணி குழிக்கு.
குழியிலிருந்து கிணறு இருபத்தெட்டு அடி.

போத்தலைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்.
மூடியை எங்கை வைச்சனெண்டு தெரியேல்லை.