உரைகல்லில் வேலை பார்ப்பவள்

விதி சுருக்கம்:
நூற்றைம்பது கிராம், நாலு சக்கரம்,
இன்ஜின் கூடாது, தள்ளக் கூடாது.
கீழமாசி வீதி அரிசி மண்டி குடோனில்
முப்பதடி பிளைவுட் பாதை
மூட்டைகளின் மேல் தலைவைத்துக் கிடக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி.

உச்சியில் எல்லாருக்கும் ஒரே உயரம்.
அதை நான் முதல் என்பேன்.
அடகுக்கடையில் பதினோரு வருஷம்,
வேறு சொல் வாயில் வராது.
முதலைக் கூட்ட முடியாது,
வட்டியைக் குறைக்கலாம்.
பந்தயமே அவ்வளவுதான்.

அச்சுக்கு வருகிற ஆணியைப் பார்த்திருக்கிறீர்களா?
தலைக்கு அடியில் ஒரு பிசிறு,
நகத்தால் தடவினால்தான் தெரியும்.
ஒவ்வொரு சுற்றிலும் அது
சக்கரத்திடம் கைநீட்டி ஏதோ வாங்கிக்கொள்ளும்.
டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு
நானூறு, ஆயிரம், இரண்டாயிரம் என்று
உப்புத்தாள் மாற்றி மாற்றிப் பிடித்தேன்.
கடைசியில் பற்பசை.
ஆணியில் என் மூக்கு தெரிந்தது.
மூக்குத்தி தெரியும்வரை விடவில்லை.
பிறகு பென்சில் ஊக்கைச் சுரண்டி
அந்தக் கரித்தூளை ஊதி உள்ளே அனுப்பினேன்.
எண்ணெய் விட்டால் தூசி குடிவந்துவிடும்.

முதலைக் கூட்ட முடியாது என்றேனே,
முழு உண்மை இல்லை.
சரிவில் நிற்கும் வண்டிக்கு
மூக்கு கீழே, வால் மேலே.
ஈயத்தை வாலில் வைத்தால்
அதற்கு இரண்டு விரற்கடை கூடுதல் இறக்கம்.
அதனால்தான் ஏழிலைப்பாலைக் கட்டை:
தனக்கென்று எடை கேட்காத மரம்.
மிச்சத்தையெல்லாம்
டயர் கடையில் வாங்கிய ஈயத்துண்டாக
நான் சொல்லும் இடத்தில் உட்காரவைக்கலாம்.
முதல் தடவை ஆசைப்பட்டு ரொம்பப் பின்னால் வைத்தேன்.
சரிவு முடியும் இடத்தில் மூக்கைத் தூக்கி
உளுந்து மூட்டையில் போய் விழுந்தது.
இப்போது பின்அச்சுக்கு முன்னால்
ஒரு கட்டைவிரல் அகலம்.

பேரிங் கடை பீர்முகமது
காற்றைக் கிழிக்கணும் என்று
விரால் மீன் மாதிரி செதுக்கி வந்திருக்கிறார்.
மூன்று நொடிப் பயணத்தில்
காற்று அப்படி ஒன்றும் கறாரில்லை, பாய்.
ஆணிதான் கறார்.
சாயப்பட்டறை துளசிராமுக்குப் பித்தளைச் சக்கரங்கள்,
மாப்பிள்ளை மாதிரி மினுக்குகின்றன.
சுழலுவதற்கே அவை பாதியைத் தின்றுவிடும்,
மீதியில்தான் வண்டி ஓடவேண்டும்.
லேத் பட்டறை எஸ்தர்
தன் வண்டியைக் கைக்குட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.

தராசு எங்கள் கடையிலிருந்து வந்தது,
மில்லிகிராம் காட்டும்.
என் வண்டி: 150.060.

"அறுபது மில்லிதானே, விடும்மா" என்றார் பீர்முகமது.
எல்லாரும் தலையாட்டினார்கள்.
அரக்கு, அழுக்கு, கல் என்று
எத்தனை சங்கிலிகளில் அறுபது மில்லி
கழித்திருக்கிறேன்,
எதிரே நிற்பவர் முகத்தைப் பார்க்காமல்.
பிளேடு கேட்டேன்.
வயிற்றுப்பக்கம் மூன்று இழுப்பு.
சுருள் ஒன்று தரையில் விழுந்தது,
ஊதினால் பறக்கும்.
149.991.

ஓடியது.
இடது முன்சக்கரம் தரையைத் தொடாது,
ஒரு மயிரிழை தூக்கியே பூட்டியிருந்தேன்.
மூன்று சக்கரத்துக்கு மூன்று வட்டி.
வலது முன்சக்கரம் லேசாக உள்நோக்கிச் சாய்ந்து
நடுக்கட்டையை உரசியே போகும்,
இரண்டு பக்கமும் அலைந்து மோதுவதைவிட
ஒரு பக்கம் உரசுவது மலிவு.

எஸ்தருடையதும் மூன்று சக்கரம்தான்.
என் வண்டி கோட்டைத் தொட்டபோது
அவளுடையது ஒரு அரிசி நீளம் தாண்டியிருந்தது.
சக்கர விளிம்பைச் சீவியிருக்கிறாள்,
காகிதம் மாதிரி.
அதை நான் யோசிக்கவேயில்லை.

திங்கள் காலை, தெற்காவணி மூல வீதி.
மோதிரத்தைக் கல்லில் உரசினேன்.
உரசாமல் தங்கம் வாய்திறக்காது,
நேற்று ஒரு வாரமாக நான் துரத்தியடித்த அதே உராய்வு
இங்கே எனக்குச் சம்பளம்.

வாடிப்பட்டியிலிருந்து வந்த அந்த அம்மா கேட்டாள்:
"அழுக்குக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

மோதிரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல்.
என் விரலைப் பார்த்தேன்.
அழுக்கு என்னுடையது.