அடிக்கு ஆயிரத்து இருநூறு

கரடியனாற்றில் நூற்று நாற்பதடி.
இன்னும் வெள்ளைத் தூள்தான் பறக்கிறது.
கம்பிரசர் கத்த, ஜெஸீல் விரலைக் காட்டுகிறான்:
அடுத்த குழாய்?

கோகிலவதி அக்கா முருங்கை நிழலில் கதிரை போட்டு
கொப்பியில் அடி எழுதுகிறா.
கல்லென்றாலும் மண்ணென்றாலும் ஒரே விலைதானே என்று
காலையிலேயே கேட்டு வைத்துக்கொண்டா.

லொறிச் சீற்றில் மகனின் பாடப்புத்தகம்.
நடுப்புள்ளிக்கு ரெண்டு கோடியே ஒன்பது லட்சம் அடி.
அப்படியென்றால் பில் ரெண்டாயிரத்து ஐந்நூறு கோடி,
டீசல் வேறு.

முதல் முப்பத்தைந்து கிலோமீற்றர்
எனக்குத் தெரிந்த கல்லுத்தான்,
கறுப்பு, சாம்பல், இடையில் மினுங்கும் காக்காப்பொன்.
கீழே மென்மூடி. பேரில்தான் மென்மை.
கடுங்கல், ஆனாலும் ஊர்கிறது,
போகத்துக்கு ஒரு விரற்கடை.
பிறகு இரும்பு, உருகின கடலாய்.
அதற்கும் உள்ளே இன்னும் சூடு, ஆனால் கட்டி:
உருக நினைத்தாலும் அமுக்கம் விடுவதில்லை.
அங்கே ஒரு போத்தல் அள்ளினால்
பதின்மூன்று போத்தல் தண்ணியின் பாரம்.

ஜெஸீலுக்கு வாசித்துக் காட்டினேன்.
"ஆர் இறங்கிப் பார்த்த?" என்றான்.

ஒருவரும் இல்லை.
நம்மைப்போலத்தான், கையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.
பூமி நடுங்கினால் உள்ளே ரெண்டு நடுக்கம் புறப்படும்.
முன்னும் பின்னும் தள்ளுகிறது எதையும் கடக்கும்.
பக்கவாட்டில் உலுப்புகிறது
திரவத்தில் கால் வைக்காது.
ஒரு பக்கம் அதிர்ந்தபோது
மறுபக்கத்துக் கருவிகளுக்கு
அந்த உலுப்பல் வரவேயில்லை.
வராததை வைத்துத்தான் சொன்னார்கள்,
நடுவில் ஏதோ உருகிக் கிடக்கிறதென்று.

அக்கா முந்தி நாவலடியில் இருந்தவ.
கடல் வந்த கதையைக்
கொப்பிக் கணக்குப் போலச் சொன்னா:
"மூண்டு பேர். வீடு. கிணறும் உப்பாப் போச்சு."
குரலில் ஓர் ஆட்டம் இல்லை.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நூற்று எழுபத்தாறில்
லீவரில் வைத்திருந்த என் உள்ளங்கை
திடீரென்று அமைதியானது.
கல்லின் உதறல் போய்விட்டது.
"நிப்பாட்டு."

சேறு, பிறகு சாம்பல் கரைசல், பிறகு தண்ணி.
அக்கா ரெண்டு கையாலும் ஏந்தினா.
"சூடாயெல்லோ இருக்கு?"

மகாஓயா ஊற்றென்றால் கை வைக்க ஏலாது.
இது வெறும் இளஞ்சூடு.
நூறடிக்கு ஒரு பாகைகூட ஏறாது, புத்தகப்படி.
பிட் தேய்ந்த சூடாகவும் இருக்கலாம்.

நாக்கில் வைத்துப் பார்த்தா.
"உப்பில்ல" என்றா.
அந்த ஒரு சொல் ஆடியது.
கம்பிரசர் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது.

ரெண்டு லட்சத்துப் பதினோராயிரத்து இருநூறு.
ஈரக்கையால் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு
சரி என்றா.
ஜெஸீல் குழாய்களைக் கழற்றத் தொடங்கியிருந்தான்.