லொறி நின்ற இடம்

பூனை ஆளோட ஒட்டாது, வீட்டோடதான் ஒட்டும் என்று
ஊறணி வாடகை வீட்டுத் திறப்பைக் கொடுத்த அன்று
பக்கத்து வீட்டு ஜெசிந்தா சொன்னா.
விட்டுட்டுப் போங்க, ரெண்டையும் நான் பாக்கிறன்.

நாங்கள் கேட்கவில்லை.
மெத்தை முப்பது, தலையணை ஒரு கட்டு,
காஸ் அடுப்பு, கீரிக் கருவாட்டு டின்,
மண் நிரப்பிய மீன்பெட்டி (அது அவர்களுடைய கக்கூசு),
மறுகா, ஓடாவியும் சீலாவும்.
மரத்தில் எதைக் கண்டாலும் நகத்தால் இழைக்கிறவன் ஓடாவி.
சீலாத் தலை ஒன்றைக் களவெடுத்துக்கொண்டு
எங்கள் குசினிக்குள் குடிவந்தவள் மற்றவள்.

இரவில் தறப்பாளை இறக்கிவிட்டு
விற்காத மெத்தைகளின் உச்சியில் நாலு பேரும் படுப்போம்.
வியாபாரம் மோசமான நாளில்
கூரை மூக்கில் முட்டும்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு மனுசி
பொலித்தீனில் நகக்கீறலைக் கண்டு
ஐந்நூறு குறைக்கச் சொன்னா. குறைத்தோம்.
காரைதீவுச் சந்தியில் பொலிஸ்காரர் உள்ளே ரோச் அடிக்க
நாலு பச்சைக் கண் திருப்பி அவருக்கு அடித்தது.
லைசன்ஸ் கேட்க வந்தவர்
ஓடாவியின் காதைச் சொறிந்துவிட்டு
போங்க போங்க என்றார்.

கோமாரியில் ஒருநாள் மழை.
பள்ளிக்கூட மதிலோரம் நிப்பாட்டிப் படுத்தோம்.
மழை விட்டது, நாலரைக்கு நேசதுரை ஸ்டாட் பண்ணினார்,
அக்கரைப்பற்றுச் சந்தையைப் பிடிக்க வேணும்.
தம்பிலுவிலில் தேத்தண்ணிக்கு இறங்கி
பின்னால் எட்டிப் பார்த்தேன்.
ஓடாவி.
ஓடாவி மட்டும்.

அவர் தேத்தண்ணியை அப்படியே வைத்தார்.
லொறி கிறுகியது.
டீசல் விலையை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.
தாண்டியடி கழியுமட்டும்
ரோட்டோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தோம்:
ஒற்றைச் செருப்பு, செத்த சாரைப்பாம்பு,
தூரத்தில் ஏதோ வெள்ளையாய்.
உரப்பை.
மூச்சு விட்டேன்.

மதில் நனைந்திருந்தது. ரோடு, வாய்க்கால், மரத்தடி
எல்லாம் கறுத்து நனைந்து கிடந்தது.
நடுவில், லொறி நின்ற அளவுக்கு மட்டும்,
நீளமாய், காய்ந்த வெள்ளை மணல்.
அதற்குள்ளே சீலா.
ஈரத்தில் ஒரு கால் படாமல்
பின்கதவு இருக்கவேண்டிய பக்கம் பார்த்துக் குந்தியிருந்தாள்.
வீடு எங்கேயோ வெளியே போயிருக்கு, வரட்டும்
என்பதுபோல.

நான் இறங்கிக் கை காட்ட
நேசதுரை பின்னுக்கு எடுத்தார், சாணுக்குச் சாணாய்,
அந்தக் காய்ந்த விளிம்பு வரைக்கும்.
பாய்ந்து ஏறினாள். எங்களைப் பார்க்கவில்லை.
மண்பெட்டியை ஒருக்கா மணந்தாள்,
உச்சி மெத்தைக்குப் போய்ச் சுருண்டாள்.

சந்தை தவறிப்போச்சு.
மத்தியானம் ஜெசிந்தாவுக்குப் போன் எடுத்து
நீங்க சொன்னது சரிதான் என்றேன்.

என்ன, ஓடிட்டுதா? என்றா.