கடைமடைக்கு எத்தனை விநாடி

பதினோரு வரிதான்.
பக்கத்தின் தலைப்பகுதியில் ஒட்டிச் சேமித்தேன்.
மன்னார்குடி மேலராஜ வீதி, உரக்கடை மாடி.
கீழே யூரியா மூட்டை இறங்கும் சத்தம்.

நெல் கொள்முதலுக்கு டோக்கன் போடும் பக்கம் எங்களுடையது.
சர்வர் எப்போதும் நல்ல பிள்ளை:
இருநூறு மில்லிவிநாடி, பச்சை விளக்கு,
பிழை ஏதுமில்லை.
ஆரோக்கியதாஸ் சார் அதை அச்செடுத்துத்
துளையிட்டுக் கோப்பில் வைத்திருக்கிறார்.
ஆனாலும் போன் ஓயவில்லை.
"சுத்திக்கிட்டே இருக்குங்க."
"எது சுத்துது?"
"அந்த வட்டம்."

மேட்டூரில் திறந்தது எத்தனை கன அடி என்று
தினமும் பேப்பரில் வருகிறது.
தில்லைவிளாகத்து வாய்க்காலில்
நண்டு வளை நனைந்ததா என்று
எந்தப் பேப்பரும் போடாது.
அதற்கு ஒரு லஸ்கர் சைக்கிளில் போகவேண்டும்.

என் பதினோரு வரியும் ஒரு லஸ்கர்.
பக்கத்தோடு சேர்ந்து போய்
யாரோ ஒருவர் கைபேசிக்குள் இறங்கி
முதல் எழுத்து எப்போது தெரிந்தது,
பொத்தான் எப்போது அசைந்துகொடுத்தது
என்று பார்த்து
எனக்கு ஒரு வரி அனுப்பும்.
பெயர் கேட்காது. எண் கேட்காது.
ரிஸ்வானா அதை இரண்டு முறை சரிபார்த்தாள்.
நிலையத்துக்கு ஒரு இணைப்பு என்பதால்
ஊர் மட்டும் தெரியும்.

மறுநாள் காலைக்குள் நாலாயிரம் வரிகள்.
நீடாமங்கலம், ஆறு விநாடி.
கோட்டூர், பத்தொன்பது.
கடல் நெருங்க நெருங்க எண் ஏறுகிறது,
முறைப்பாசனத்தில் நாள் ஏறுகிற மாதிரியே.

இடும்பாவனம், நாற்பத்தேழு.
ஐந்து அங்குலத் திரை,
நேரம் பின்னிரவு இரண்டு பத்து.
'பதிவு செய்' அழுத்தப்பட்டது:
பதினேழு முறை.
பிறகு பக்கம் மூடப்பட்டது.

ஏன் இரண்டு மணி என்று வரியில் இல்லை.
அந்நேரம்தான் டவர் கொஞ்சம் காலியாக இருக்குமோ.
விடியலில் தூறல் போட்டது எனக்கே தெரியும்.
களத்தில் குவிந்த நெல்லுக்குத் தார்ப்பாய் எட்டியதா,
ஈரப்பதமும் பதினேழைத் தாண்டிவிட்டதா,
அதையெல்லாம் கேட்டுவர
என்னிடம் நிரல் கிடையாது.

எது அடைத்தது என்று பிரித்துப் பார்த்தோம்.
உச்சியில் ஒரு படம்.
கதிர் சாய்ந்த வயல், பொன் மஞ்சள்,
நடுவில் சிரிக்கிற விவசாயி;
விலைக்கு வாங்கிய சிரிப்பு, மூன்றரை எம்.பி.
அந்த வயல் இறங்கி முடியும்வரை
வயல்காரர் காத்திருந்திருக்கிறார்.

அழித்தேன்.
"வெறிச்சுன்னு இருக்கே" என்றார் சார்.
ரிஸ்வானா ஒன்றும் பேசாமல்
இடும்பாவனத்து வரியைத் திரையில் கொண்டுவந்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
"பதினேழு தடவையா" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
என் பதினோரு வரி வெளியிலிருந்து இழுத்துவரும் கோப்பு
நாற்பத்திரண்டு கே.பி.
வாய்க்காலைப் பார்க்கப் போகிற லஸ்கரும்
ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடிக்கிறான்.
அந்த நாற்பத்தேழில்
ஒன்றரை விநாடி என்னுடையது.
எல்லாவற்றுக்கும் பின்னால் வா என்று நகர்த்தினேன்.
பத்தில் ஒருவரோடு போனால் போதும் என்றேன்.

இரண்டு நாளில் இடும்பாவனம் ஒன்பது.
அது வேறு திரை, வேறு ஆள்.
அந்த ஐந்து அங்குலம் திரும்ப வரவில்லை.
நான் பார்க்காமல் விட்ட ஒன்பது பேரில் ஒருவராக
அவர் டோக்கன் போட்டிருக்கலாம்.
வியாபாரி சொன்ன விலைக்கே
அளந்து போட்டிருக்கலாம்.

மாலை நல்ல மழை.
பாமணி ஆற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது
பக்கத்து இருக்கைக்காரர் கைபேசியில்
ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.
எட்டிப் பார்ப்பது தப்பு என்று தெரியும்.
மனசுக்குள் எண்ணினேன்,
ஒன்று, இரண்டு, மூன்று.
பதினொன்றில்
அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.